திகதி தாண்டுவதற்கு முன்: மக்கள் பிரதிநிதி எங்களுக்குச் சொல்ல வேண்டியவை

திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற அக்கா ஒருவரின் மகள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் குடும்பமாக இருக்கிறாள். தன் வீட்டுத் தபால் பெட்டிக்கு வந்த ஒரு தாளைப் படம் எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அக்கா போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு தம்பி. அவையின்ர பகுதி ஆள் அனுப்பினது எண்டு பிள்ளை சொல்லுது."

விறாந்தையில் இருந்து வாசித்தேன். அனுப்பியவர் அந்தத் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். வாக்காளராகப் பதியக் கடைசி நாள் எது, தேர்தல் நாளுக்கு முன்னரே வாக்களிக்க விரும்பினால் எங்கே போகலாம் என்பது மேல் பாதி. நடுவில் புயல் வந்தால் என்ன செய்வது, மின்சாரம் போனால் யாருக்கு அழைப்பது. கீழே, சாப்பாட்டுக்கும் வீட்டு வாடகைக்கும் கஷ்டப்படுகிறவர்கள் 211 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் உதவி கிடைக்கும் இடத்தைச் சொல்வார்கள் என்று இருந்தது. ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் ஒரு திகதி, ஓர் இடம், ஓர் இலக்கம்.

"எங்கட ஆக்கள் ஏன் இப்பிடி ஒண்டும் அனுப்புறேல்ல? எங்களுக்கு இப்பிடி ஒராள் இருக்கிறாரா இல்லையா?" என்று அக்கா கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. முதல் தடவை வாக்களிக்கப் போகிற பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில், அந்தத் தாளை அனுப்பியவர் யார் என்று பார்ப்போம். அமெரிக்காவில் 50 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டமன்றம் உண்டு. வாஷிங்டனில் கூடுகிற காங்கிரஸ் வேறு, இது வேறு. நியூ ஜெர்சியை 40 தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். தொகுதிக்கு ஒரு செனட்டர், இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் என்று மொத்தம் 120 பேர். பள்ளிக்கூடம், சாரதி அனுமதிப்பத்திரம், மாநில வீதிகள், தேர்தலை எப்படி நடத்துவது என்பதெல்லாம் பெரும்பாலும் மாநிலச் சட்டத்துக்குள் வருகிறது. இந்த உறுப்பினர் சட்டம் இயற்றுவது ஒரு வேலை. தொகுதியில் ஓர் அலுவலகம் வைத்து, சனங்களின் கடதாசி அலுவல்கள் இழுபடும்போது பின்னால் நின்று கேட்பதும், தெரிய வேண்டியதை வேளைக்குத் தெரியப்படுத்துவதும் இன்னொரு வேலை. அக்காவின் போனில் இருந்த தாள் இந்த இரண்டாவது வேலையைச் சேர்ந்தது.

சரி, எங்களுக்கு அதே இடத்தில் இருக்க வேண்டியவர் யார்? மாகாண சபை உறுப்பினர்.

1987இல் இலங்கை இந்திய ஒப்பந்தத்துக்குப் பிறகு, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளைக் கொண்டுவந்தது. வடக்கும் கிழக்கும் முதலில் ஒரே மாகாணமாக இணைந்திருந்தன. 2006இல் உயர் நீதிமன்றம் அந்த இணைப்புச் செல்லாது என்று தீர்ப்பளிக்க, 2007 தொடக்கத்தில் கிழக்கு தனி மாகாணமானது. கிழக்கு மாகாண சபைக்கு 2008 மே 10இலும் 2012 செப்டம்பர் 8இலும் தேர்தல் நடந்தது. 37 உறுப்பினர்கள். அதில் திருகோணமலை மாவட்டத்துக்கு 10 பேர், மட்டக்களப்புக்கு 11, அம்பாறைக்கு 14, கூடுதல் வாக்கு எடுத்த கட்சிக்கு மேலதிகமாக 2.

அந்தச் சபையின் காலம் 2017 செப்டம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. 2017இல் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள். புது முறைக்குத் தொகுதி எல்லைகளைப் பிரிக்க வேண்டும். பிரித்துக் கொடுத்த அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையைச் சட்டம் எடுத்துவிட்டது, புது முறைக்கு எல்லை இல்லை. வண்டி அந்த இடத்தில் நின்றுவிட்டது.

மாகாணத்தின் தலைநகரம் எங்கள் ஊர். அமைச்சுகள், திணைக்களங்கள், அதிகாரிகள் எல்லாம் இங்கே இருக்கிறார்கள், வேலையும் நடக்கிறது. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் மேலே இருக்கிறார். ஆனால் "நான் உங்களுக்கு வாக்குப் போட்டேன், இதற்குப் பதில் சொல்லுங்கள்" என்று கேட்கக்கூடிய அந்த 10 கதிரையும் வெறுமையாக இருக்கின்றன. எங்கள் மாகாணத்தில் 2012 செப்டம்பரில் 18 வயது நிரம்பாதிருந்த எவரும் தங்கள் வாழ்க்கையில் மாகாண சபைக்கு ஒரு தடவைகூட வாக்களித்ததில்லை. கலியாணம் முடித்துப் பிள்ளை குட்டியோடு இருப்பவர்களும் அதில் இருக்கிறார்கள். எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவில்லை. நடுவில் ஒரு படி இல்லாத ஏணியில் வயதானவர்களையும் ஏறச் சொல்கிறோம்.

அப்படியானால் இப்போது யாரிடம் போவது? மேலே பாராளுமன்ற உறுப்பினர் இருக்கிறார், கீழே உள்ளூராட்சி சபை உறுப்பினர் இருக்கிறார்.

பாராளுமன்றத்தில் 225 பேர். 196 பேரை 22 தேர்தல் மாவட்டங்களில் இருந்து தெரிவு செய்கிறோம், மிச்சம் 29 தேசியப் பட்டியல். திருகோணமலை மாவட்டத்தில் சேருவில, திருகோணமலை, மூதூர் என்று மூன்று வாக்களிப்புத் தொகுதிகள். ஆனால் மூன்று தொகுதிக்கும் தனித்தனி எம்.பி. கிடையாது, மாவட்டம் முழுக்கச் சேர்த்து நான்கு பேர். 2024 நவம்பர் 14 தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டும், ஐக்கிய மக்கள் சக்திக்கும் இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கும் ஒவ்வொன்றும் கிடைத்தன. ஆகவே "எங்கட தொகுதி எம்.பி. யார்?" என்ற கேள்விக்கு எங்கள் முறையில் விடை, நால்வரும்தான். நீங்கள் வாக்களிக்காத ஒருவரிடமும் போகலாம். அவர் உங்கள் கட்சி எது என்று கேட்கக் கூடாது.

கீழே இருப்பவர் வட்டார உறுப்பினர். 2018 பெப்ரவரியில் இருந்து உள்ளூராட்சிச் சபைகளுக்குக் கலப்பு முறை. 60 சதவீதமானவர்கள் வட்டாரங்களில் நேரே வெல்கிறார்கள், 40 சதவீதமானவர்கள் பட்டியலில் வருகிறார்கள். கடைசியாக 2025 மே 6இல் இந்தத் தேர்தல் நடந்தது. வட்டாரத்தில் வென்றவர் உங்கள் ஒழுங்கையைத் தெரிந்தவராக, சந்தையில் எதிர்ப்படுகிறவராக இருப்பார். நியூ ஜெர்சித் தாளைப் போல ஒன்றை அடிக்க மிகப் பொருத்தமானவர் அவர்தான் என்பது என் எண்ணம். ஒரு பக்கம் போதும். கடையில் ஒட்டினாலும் போதும்.

யாருக்கு எது பொறுப்பு என்பதை வீதியை வைத்துச் சொன்னால் விளங்கும். கந்தளாய் வழியாக வருகிற ஏ6, அனுராதபுரம் போகிற ஏ12, மூதூர்ப் பக்கமாக மட்டக்களப்புக்குப் போகிற ஏ15 போன்ற ஏ வகுப்பு வீதிகளும் பி வகுப்பு வீதிகளும் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்துக்குரியவை. அதற்குள் அடங்காத உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் உள்ளூராட்சி சபைக்கு. ஒரே நாளில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வரும்போது மூன்று பேருடைய வீதியிலும் போய் வருகிறார். குழி எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

அக்காவின் வீட்டு முன் மதகு உடைந்து இரண்டு மாரி போய்விட்டது. மழை பெய்தால் கான் நிரம்பிக் கேற்றடிக்குத் தண்ணீர் வரும். அவர் பலகை ஒன்றை மேலே போட்டு, அதற்குக் கல் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பலகையில் கால் வைத்துத்தான் போகிறார்கள். இதற்காக மூன்று அலுவலகத்துக்கு ஏறி இறங்கினார். மூன்றிலும் மரியாதையாகவே கதைத்தார்கள். மூன்றிலும் "இது எங்கட இல்ல அம்மா" என்றார்கள். இந்த மதகுக்குத் திரும்பி வருவேன்.

இனி வாக்கு.

வாக்களிக்கிற நாளைப் பற்றி எல்லோரும் கதைக்கிறோம். வாக்கு உண்மையில் தவறிப் போவது இடாப்பில். வாக்காளர் இடாப்பு ஆண்டுக்கு ஒரு முறை திருத்தப்படுகிறது. பெப்ரவரி 1ஆம் திகதி நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்களோ அந்த முகவரியில் பெயர் இருக்க வேண்டும். அந்தத் திகதிக்குப் பிறகு 18 வயது நிரம்புகிற பிள்ளைகளைக் குறைநிரப்பு இடாப்பில் சேர்க்க 2021இல் சட்டம் திருத்தினார்கள். முன்பு அவர்கள் அடுத்த ஆண்டு வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. கிராம உத்தியோகத்தர், நாங்கள் ஜீ.எஸ். என்று சொல்கிறவர், இந்தத் தகவலைச் சேர்க்கிறார். பிறகு சேர்க்கப்பட்டவர்கள், நீக்கப்பட்டவர்கள் என்று பட்டியல் பார்வைக்கு வைக்கப்படும். பெயர் இல்லையென்றால் அந்த நாட்களுக்குள் உரிமைக் கோரிக்கை கொடுக்க வேண்டும்.

அக்காவின் இளைய மகனுக்கு நடந்தது இதுதான். மூதூரில் இருந்து குடும்பம் இங்கே வந்த வருஷம் அவனுக்கு 18 முடிந்தது. பழைய வீட்டில் இருக்கும்போது கொடுத்த விவரத்தோடு பெயர் மூதூரிலேயே நின்றுவிட்டது. நாங்கள் பட்டியலைப் பார்க்கப் போனபோது, ஆணி அடித்துத் தொங்கவிட்ட தாள்களில் விரலை வைத்து வீட்டு இலக்கம் இலக்கமாக இறங்கினோம். அக்காவின் பெயர் இருந்தது, மூத்தவனுடையது இருந்தது, அடுத்த வரி பக்கத்து வீட்டுக்காரர். கோரிக்கை கொடுக்கிற காலம் அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னமே முடிந்திருந்தது. யாராவது ஒரு தாளில் அந்தத் திகதியை எழுதி எங்கள் சந்திக் கடையில் ஒட்டியிருந்தால் போதுமாக இருந்தது.

இப்போது தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம். போனில் இரண்டு நிமிஷ வேலை. வீட்டில் வயதானவர்களுக்கும் பிள்ளைகள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். வீடு மாறினால் புது இடத்து ஜீ.எஸ்.ஸிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வாக்களிக்கப் போகும்போது தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை இவற்றில் ஒன்று வேண்டும். தபாலில் வரும் வாக்காளர் அட்டை வந்து சேரவில்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். இடாப்பில் பெயர் இருந்து அடையாள அட்டையும் இருந்தால் அது இல்லாமலும் வாக்களிக்கலாம்.

புள்ளடியும் தேர்தலுக்குத் தேர்தல் மாறும், பலருக்குக் குழப்பம் இதில்தான். பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூவர் வரைக்கும் அவர்களுடைய இலக்கத்தில் விருப்பு வாக்கு. கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டால் வாக்கு நிராகரிக்கப்படும். உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே புள்ளடி, விருப்பு வாக்கு இல்லை. ஜனாதிபதித் தேர்தலில் ஒரு புள்ளடி போடலாம், அல்லது 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதலாம்.

அப்புறம் பாதுகாப்பு. இதில் எங்கள் மாவட்டத்துக்குக் கசப்பான அனுபவம் நிறைய உண்டு.

1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. ஏப்ரல் மாதம் எங்களுக்கு மாரி இல்லை, வெள்ளத்தை யாரும் எதிர்பார்க்கும் காலமே இல்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது முன்கூட்டிச் சொல்வதற்கு ஒரு வழியும் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரை ஏறியபோது, கரையோரத்துச் சனங்களை முன்னரே பாடசாலைகளுக்கு மாற்றியிருந்தார்கள். இடையில் கூடியது என்னவென்றால், செய்தி முந்தி வந்தது.

எங்கள் இடத்தின் அமைப்பை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். மகாவலி வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மலைநாட்டில் கொட்டும் மழை, பொலன்னறுவை தாண்டி, மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கம் வந்து சேருகிறது. இங்கே வானம் வெளித்திருக்கும்போதும் வயலுக்குள் தண்ணீர் ஏறலாம். ஆகவே அங்கே இருக்கிற ஒரு குடும்பத்துக்குத் திருகோணமலையின் வானிலை மட்டும் போதாது. மேலே எந்தக் குளத்தின் வான் கதவைத் திறக்கிறார்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு இங்கே வரும் என்பது தெரிய வேண்டும். அந்தச் செய்தி தமிழில் வர வேண்டும். தமிழ் அரச கரும மொழி, வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழியும்கூட. வேறு மொழியில் வந்த எச்சரிக்கையை யாராவது மொழிபெயர்த்து, பிறகு அனுப்பி, பிறகு வாசிக்கும் நேரத்துக்குள் மாடு கன்றை மேட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். பிரதிநிதி என்று ஒருவர் இருந்தால் அந்த இரவில் அவருடைய முதல் வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில், ஆற்றைக் கடந்த இழுவைப் படகு கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். அதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் அந்தச் சின்னப் பைகள்தான் கண்ணுக்குள் நிற்கும். பொதுப் பாதுகாப்பு என்றால் பொலிஸும் களவும் மட்டும் என்று நினைக்கிறோம். பிள்ளைகள் தினமும் எதில் ஏறிப் போகிறார்கள், அதில் எத்தனை பேர் ஏறலாம், யார் பார்க்கிறார்கள் என்பதும் அதற்குள்தான் வருகிறது.

இலக்கங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், போனில் பதிந்து வையுங்கள். பொலிஸ் 119. இலவச அம்புலன்ஸ் சுவசெரிய 1990. தீயணைப்பு 110. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. மனம் தாங்காத நேரத்தில் கதைக்க 1926. எந்த அரச அலுவலுக்கு எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1919.

மூன்றாவது, ஊரில் கிடைக்கும் உதவிகள். இங்கே உதவி இல்லை என்பதைவிட, இருப்பது தெரியாமல் போவதுதான் கூட. 2023 ஜூலையில் கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கான அரச கொடுப்பனவு அஸ்வெசும தொடங்கியபோது பட்டியலில் பெயர் வராதவர்களுக்கு மேன்முறையீடு செய்ய ஒரு காலம் கொடுத்தார்கள். திகதி தெரிந்தவர்கள் பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்றார்கள். தெரியாதவர்கள் வீட்டில் இருந்து கவலைப்பட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. முதியோர் அட்டை, மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு, சுயதொழில் உதவி, வெள்ள நிவாரணம் என்று பெரும்பாலான அலுவல்கள் ஜீ.எஸ்.ஸில் தொடங்கி அங்கே போய் முடியும். வழக்குச் செலவுக்குக் காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி வீட்டுக்கு வீடு கொடுத்த ஒரு பிரதிநிதியை நான் இன்னும் காணவில்லை. கொடுத்தால் நானே சைக்கிளில் போய் விநியோகிக்கத் தயார்.

கொடுக்கும் வரைக்கும் சும்மா இருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு அரச நிறுவனத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். இலங்கைப் பிரஜை யாரும் அவரிடம் கேட்கலாம், தமிழில் கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலத்துக்குள். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது.

அக்காவும் நானும் விறாந்தையில் இருந்து, உடைந்த மதகுக்காக அப்படித் தகவல் கேட்டு ஒரு கடிதம் எழுதினோம். முதலில் அவர் இரண்டு மாரியின் கதையையும் எழுதச் சொன்னார். பலகை, கல், வழுக்கி விழுந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, எல்லாம். எழுதி முடித்து வாசித்தபோது அவரே தலையை ஆட்டினார். "கேள்வி எங்க இருக்கு எண்டு அவைக்கு விளங்காது. சின்னதா எழுது." கடைசியில் கேள்வி ஒன்றுதான் நின்றது: எங்கள் ஒழுங்கையும் அதன் மதகும் எந்த நிறுவனத்தின் வீதிப் பட்டியலில் இருக்கின்றன? அதே கடிதத்தை மூன்று பிரதி எடுத்து, மூன்று அலுவலகத்துக்கும் கொடுத்து, மூன்று பற்றுச்சீட்டும் வாங்கினோம்.

அன்று பின்னேரம் அவர் குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரை இறக்கி மடியில் வைத்து, சனி, ஞாயிறு, போயா எல்லாவற்றையும் விட்டு, 14 நாள் எண்ணி, நீலப் பேனையால் ஒரு வட்டம் போட்டார். அதற்குப் பிறகு பக்கங்களைப் புரட்டி, அடுத்த பெப்ரவரி 1இலும் ஒரு வட்டம் போட்டுப் பக்கத்தில் மகனுடைய பெயரை எழுதினார்.